பார்த்ததை மட்டும் சொன்னவர்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. தங்கை போய்ச் சேர்ந்துவிட்டாள், வாஸ்தவம்தான். ஆனால் அவள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிற பெண் என்று கேள்வி. அதனால் ஊரையும் மில்லையும் கொஞ்சம் மாற்றிவிட்டேன். அவர் பட்ட பாட்டை மாற்ற எனக்குத் தெரியவில்லை.

அவருடைய தங்கை புருஷன் ஜெயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது ஒரு இரும்புத் துண்டில் வந்து நின்றது. அந்தத் துண்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் இவர். வேறு யாராவதாக இருந்திருந்தால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மோர் குடித்திருப்பார்கள். இவரைப் போய் அந்த இடத்தில் நிறுத்தினானே பகவான் என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் பௌதிக லேபில் அவரும் நானும் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். அறுபதுகளின் தொடக்கம். நான் திருவானைக்காவலிலிருந்து சைக்கிளில் வருவேன். அவர் தென்னூரில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் தனியாக இருந்தார். மருங்காபுரிப் பக்கம் மானம் பார்த்த பூமிக் குடும்பம். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தங்கையை இவரே வளர்த்து மண்ணச்சநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கு அரிசி மில்லில் பாய்லர் வேலை. நெல் அவிக்க நீராவி போடுகிறவர். தங்கையைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாப்பா என்பார். அந்தப் பாப்பாவுக்கு இரண்டு பாப்பாக்கள் பிறந்த பிறகும் அப்படித்தான்.

கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தால் குடிப்பதற்கு முன்னால் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். சாவி, மணி, பூட்டு, எதுவானாலும் வேட்டி நுனியில் துடைத்து ஒரு பார்வை. கல்யாண வீடுகளில் துத்தநாகம் பூசிய வாளியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். வாளியின் மேல் பூப்பூவாகத் தெரியுமே, அதைப் பார்ப்பதற்கு. சாம்பார் வாளிக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்துப் பரிமாறுகிறவர்கள் அவரை அவசரப்படுத்திப் பந்தியில் உட்கார வைப்பார்கள்.

ஒருமுறை ஸ்ரீரங்கம் கோயிலில் கூட்டமான வரிசையில் நிற்கிறோம். பக்கத்துப் பித்தளைக் கம்பியைப் பிடித்தவர் நகரவே இல்லை. ஆயிரம் ஜனங்களின் உள்ளங்கை வியர்வை பட்டுப் பட்டு அந்தப் பித்தளையின் உள் மணிகள் கட்டம் கட்டமாக வெளியே தெரிந்தன. நாங்கள் லேபில் ஆசிட் ஊற்றி வெளியே கொண்டுவருகிற காரியத்தை பக்தர்கள் கையாலேயே செய்துவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் நின்ற பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்வாமி, பெருமாளைச் சேவிக்க வந்தேளா, பித்தளையைச் சேவிக்க வந்தேளா?" என்று கேட்டார். இவர் கொஞ்சமும் வெட்கப்படாமல், "நீங்களும் பாருங்களேன்" என்று இடம் விட்டார். பெரியவரும் குனிந்து பார்த்தார். வரிசை முழுக்க எங்களைத் திட்டியது.

இரும்பானாலும் பித்தளையானாலும் உள்ளே மணி மணியாகத்தான் இருக்கிறது. அவர் கிரெயின் என்பார். ஒரு மணிக்குள் அணுக்கள் ஒரே வரிசையில் நிற்கும். பக்கத்து மணியில் வரிசை வேறு பக்கம் திரும்பியிருக்கும். இரண்டும் சேருகிற இடம் எல்லை. இதைப் பையன்களுக்குச் சொல்ல இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சோப்பு நுரையை அடைத்து ஜன்னலில் வைப்பார். காலையில் பார்த்தால் பொடிப்பொடியாக நுரை. சாயங்காலம் பொடிசுகள் காணாமல் போய்ப் பெரிசுகள் இன்னும் பெரிசாக உட்கார்ந்திருக்கும்.

"எல்லை போட்ட இடத்துலேயே நிக்கும்னு நினைக்காதீங்கப்பா" என்பார். "இரும்பைச் சிவக்கக் காய்ச்சினா எல்லை நகர ஆரம்பிக்கும். பெரிய கிரெயின் பக்கத்துச் சின்னதைத் தின்னும். அதிகமாக் காய்ச்சின இரும்பை அப்படியே ஆறவிட்டுப் பாருங்க, தின்னது தின்னதுதான். அதனால, பட்ட சூடு என்னன்னு இரும்பைக் கேட்டா அது சொல்லிடும்."

இதில் அவருக்கு இருந்த நம்பிக்கை மனிதர்கள் மேல் இல்லை. தன் மேலும் இல்லை. கண்ணால் பார்க்காத எதையும் சொல்லமாட்டார். மழை வருமா சார் என்றால், "வந்தாப் பார்க்கலாம்" என்பார். எங்கள் ஹெட்கிளார்க் தன் பெண்ணுக்கு ஒரு வரன் பார்த்து, பையன் இவருக்குத் தெரிந்தவன் என்று கேள்விப்பட்டு விசாரிக்க வந்தார். "ஒரு தடவைதான் பார்த்திருக்கேங்க. ஓட்டல்ல இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தார். நல்லாச் சாப்பிட்டார்" என்றார் இவர். வரன் தட்டிப்போயிற்று. நல்ல பையன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று நான் சண்டை போட்டேன்.

"நல்ல பையன்கிறதை நான் பார்க்கலையே சார்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வருஷம் அறுவடை முடிந்து மில்கள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் மாப்பிள்ளையின் பாய்லர் வெடித்தது. மாப்பிள்ளை அடுப்புக்கு உமி எடுக்க வெளியே வந்திருந்ததால் தப்பித்தார். களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். பாய்லரில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம் என்று மில்காரர் தரப்பு சொல்லிற்று. அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம் என்று மாப்பிள்ளை மேல் கேஸ் வந்தது.

"தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாயில பாதிக்கு நின்னுச்சு மச்சான். பார்த்துட்டுத்தான் உமிக்குப் போனேன்" என்று மாப்பிள்ளை இவரிடம் சொன்னார். ஜாமீனில் வந்து தென்னூர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். காதில் இன்னமும் பஞ்சு. திருப்பித் திருப்பி அதையே சொன்னார். தங்கை சுவரில் சாய்ந்து, சின்னக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் இவருக்கு அந்த யோசனை வந்தது. தண்ணீர் இருந்திருந்தால் தகடு சிவந்திருக்காது. சிவக்கவில்லை என்றால் கிரெயின் வளர்ந்திருக்காது. நெருப்பு நேராகப் படுகிற தகட்டில் ஒரு துண்டு கிடைத்தால் போதும், மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடலாம். வக்கீல் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தார். அப்படி ஒரு சாட்சி கிடைத்தால் கேஸே நிற்காது என்றார். இவர் ஒரு பழைய சிகரெட் அட்டையில் பாய்லரைப் படம் போட்டு, எந்த இடம் என்று புள்ளி வைத்துத் தங்கையிடம் கொடுத்தார்.

"உள்ளங்கை அகலம் இருந்தாப் போதும் பாப்பா. ஆனா தட்டையா இருக்கணும். வளைஞ்சிருந்தா எனக்குத் தேய்க்க முடியாது."

உடைந்த பாய்லர் மில் கொல்லையில் கிடந்தது. கூட வேலை பார்த்தவர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் ஹாக்ஸா பிளேடால் அறுத்து ஒரு துண்டைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் அதை ஈரத்துணியில் சுற்றி, மடியில் கட்டிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். துண்டு பளிச்சென்று இருந்தது. மணல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். இவர் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அட, இவ்வளவு தட்டையாக் கிடைச்சுதே!" என்றார். அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அன்றுதான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

அடுத்த நாள் லேபில் மற்றவர்கள் போனபின் தேய்க்க உட்கார்ந்தோம். முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து, வரவர மெல்லிய தாளுக்குப் போய், கடைசியில் துணியில் வைத்துக் கண்ணாடியாக்கினார். ஸ்பிரிட்டில் நைட்ரிக் ஆசிட் சொட்டிய கலவையில் ஒரு முக்கு. கழுவி, ஊதிக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. திருகாணியைத் திருகுவதும் துண்டை நகர்த்துவதுமாகவே இருந்தார். நான் என்ன சார், என்ன சார் என்று கேட்கிறேன். கடைசியில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

எனக்கே தெரிந்தது. ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக, வயிறு புடைக்கத் தின்றவை போல. நல்ல பாய்லர் தகட்டில் அப்படி இருக்காது.

"வேற இடத்துல பாருங்க" என்றேன்.

"எல்லா இடமும் பார்த்தாச்சு."

"அப்ப மாப்பிள்ளை சொன்னது பொய்யா?"

"அவர் என்ன பார்த்தார்னு எனக்குத் தெரியாது சார். இது மஞ்சளாப் பழுத்த இரும்பு. அது தெரியும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தென்னூர் வீட்டில் இதைச் சொன்னதும் தங்கை அவர் காலில் விழுந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த மெலிந்த பெண் குழந்தையை இறக்கி விட்டுவிட்டு அண்ணன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு வார்த்தை அண்ணே. நல்லாயிருக்குன்னு சொல்லிடு. யாரு வந்து பார்க்கப்போறா? உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்" என்று அழுதாள். இவரும் அழுதார். ஆனால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. செத்துப்போன இரண்டு பெண்களுக்கும் குழந்தைகள் இருக்கிறதே பாப்பா என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. அடித்திருக்கலாம், அதனாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

மாப்பிள்ளை கோபப்படவே இல்லை. அதுதான் கொடுமை. மச்சான் மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை.

"மச்சான் பார்த்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நான் குழாயை முதல் நாள் பார்த்ததை நினைச்சுக்கிட்டுப் பேசுறேனோ என்னமோ" என்றார். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொன்னார். மாப்பிள்ளை கூண்டில் ஏறி, மச்சான் தகட்டில் பார்த்ததையும் சொல்லி, தண்ணீர் வற்றியது என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். ஜெயில் கிடைத்தது.

அதற்கு அப்புறம் இவர் சாப்பிட்டாரா தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. வகுப்புக்கு வருவார், போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தென்னூருக்குப் போயிருந்தபோது தங்கை வந்தாள். சண்டை போடத்தான் வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"எம் புருஷனை உள்ள தள்ளிட்டு நீ ஃபேனு காத்துல உக்காந்திருக்கே. அந்த இரும்பைக் கொண்டாற நான் என்ன பாடு பட்டேன்னு உனக்குத் தெரியுமா? பாய்லரு கிழிஞ்சு சுருண்டு கிடக்கு. தட்டையான துண்டுக்கு நான் எங்க போவேன்? நீ தட்டையா வேணும்னு சொல்லிட்டே. ஆசாரி பட்டறையில போய் நின்னேன். துருத்திக்காரன் வரலைன்னான். நானே உக்காந்து துருத்தி போட்டேன். கை கொப்புளிச்சுப் போச்சு. பழுக்கக் காய்ச்சி, தட்டி, மறுபடி காய்ச்சி, தட்டி… உனக்காகத்தானே அண்ணே செஞ்சேன்?"

நான் இவரைப் பார்த்தேன். மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை.

"உலையிலயா பாப்பா போட்டே?" என்றார், மிகவும் மெதுவாக.

"பின்ன? பச்சை இரும்பைத் தட்டினா நிமிருமா? மஞ்சளாக் காய்ஞ்சாத்தான் கேக்கும்னு ஆசாரி சொன்னாரு. ஏன் கேக்கிறே?"

"சும்மாதான்" என்றார். "தண்ணி குடிக்கிறியா?"

அவள் குடிக்காமல் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் இவர் தரையில் உட்கார்ந்தார். பாய்லர் அடுப்பு காய்ச்சியதா, ஆசாரி உலை காய்ச்சியதா என்று அந்தத் துண்டுக்குத் தெரியாது. உலை வளர்த்த கிரெயின்கள் முன்னால் இருந்ததை அடியோடு தின்றுவிட்டன. மாப்பிள்ளை தண்ணீரை வற்ற விட்டாரா, இல்லையா? இனிமேல் அதை யாராலும் சொல்ல முடியாது. மில் கொல்லையில் கிடந்த மிச்சப் பாய்லரும் கேஸ் முடிந்த கையோடு பழைய இரும்புக்குப் போய் உருக்கப்பட்டுவிட்டது. "நான் கேக்கலையே சார், எப்படித் தட்டையாச்சுன்னு கேக்கவே இல்லையே" என்று உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். எல்லாப் பொருளையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர், தங்கை கொண்டுவந்தாள் என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கேட்காமல் விட்டிருந்தார்.

இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை இளைத்து நின்றார்.

"மாப்பிள்ளை, நான் பார்த்துச் சொன்னது தப்பு. உங்க மேல தப்பு இருக்குன்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. நீங்க குழாயில தண்ணி பார்த்தீங்கல்ல? அதைச் சொல்லுங்க, மேல்கோர்ட்டுக்குப் போகலாம்."

மாப்பிள்ளை தலையாட்டினார். "இல்லீங்க மச்சான். உக்காந்து யோசிச்சேன். குழாய் வெறுமையாத்தான் இருந்துச்சு. நான் பார்த்தேன். உமி எடுத்துட்டு வந்து தண்ணி விட்டுக்கலாம்னு போனேன். இப்ப கண்ணு முன்னாடி நல்லாத் தெரியுது."

"நீங்க பார்க்கலை மாப்பிள்ளை! நான் சொன்னதாலதான் உங்களுக்கு அப்படித் தெரியுது!" என்று இவர் கத்தினார். கம்பியைப் பிடித்து உலுக்கினார். வார்டர் வந்து எங்களை வெளியே அனுப்பினார். இவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

வக்கீலிடம் நடந்ததை அப்படியே சொன்னோம். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"துண்டு உலைக்குப் போச்சுன்னு சொன்னா, யார் போட்டதுன்னு கேப்பாங்க. அந்தம்மாவைக் கூண்டுல ஏத்தணும். சாட்சியை நெருப்புல போட்டுக் கெடுத்தது பொண்டாட்டின்னு எதிர்த்தரப்பு சொல்லும். அதுக்கு அப்புறமும் விடுதலை கிடைக்கும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன், ஏன்னா ஒப்புக்கிட்டது உங்க மாப்பிள்ளை வாயால." மறுபடி பேனாவை எடுத்தவர், "அந்தம்மாவுக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியாது" என்றார் இவர். "தெரியவும் வேண்டாம்."

"அப்ப என்னன்னு எழுதட்டும்?"

"பார்த்தவனுக்குப் பார்க்கத் தெரியலைன்னு எழுதுங்க."

அப்படியே மனு போயிற்று. முதலில் கிரெயின் பெரிசு என்றவர் இப்போது பெரிசில்லை என்கிறார், மைத்துனனைக் காப்பாற்ற வார்த்தை மாற்றுகிறார் என்று மேல்கோர்ட்டில் தள்ளிவிட்டார்கள். கல்லூரியில் விஷயம் பரவிற்று. ஹெட்கிளார்க் சிரித்தார். மைக்ராஸ்கோப் இருக்கும் பக்கமே இவர் போவதை விட்டார். பையன்களுக்கு ஊசல் பரிசோதனை மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

மனு தள்ளுபடியான செய்தி கேட்டுத் தங்கை கடைசியாக ஒருமுறை வந்தாள். அன்றைக்குக் கத்தவில்லை. கையிலிருந்த மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டு, நேராக என்னிடம் திரும்பினாள்.

"சார், நீங்களும்தானே அந்தக் கண்ணாடியில பார்த்தீங்க. உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுச்சு? உண்மையைச் சொல்லுங்க."

நான் இவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னவென்று சொல்ல? கம்பிக்குப் பின்னால் மாப்பிள்ளைகூட அப்படிக் கெஞ்சிப் பார்க்கவில்லை.

"சின்னச் சின்னதாத்தாம்மா இருந்துச்சு" என்றேன். "இவர்தான் பெரிசுன்னார்."

"சார் கண்ணுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையா அண்ணே?"

"தெரியலை பாப்பா" என்றார்.

"அன்னைக்கு உன் காலைப் பிடிச்சேனே. அப்பவாவது இன்னொரு தடவை பார்த்திருக்கலாம்ல?"

"பார்த்திருக்கலாம்."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பி நடந்தாள். பையை மறந்துவிட்டாள். இவர் அதை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் பையோடு திரும்பி வந்து, "வாங்கமாட்டேங்குறா சார். பஸ்ஸுக்குக் காசு இதுலதான் இருக்கு" என்று என் சைக்கிளைக் கேட்டார்.

நானும் கூடவே போனேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சத்திரம் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி, அவள் முன்னால் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தாள். இவர் ரொம்பப் பின்னால், ஹாண்டில்பாரில் பையை மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் மூச்சு வாங்க நின்றால் இவரும் நிற்பார். கிட்டே போகலாமே என்றேன். "வேண்டாம் சார், திட்டுவா. திட்டிக்கிட்டே நடந்தா இன்னும் களைச்சுப்போவா" என்றார். திருவானைக்காவலில் என் வீட்டுத் திருப்பம் வந்தது. நான் நின்றுவிட்டேன். கொள்ளிடம் பாலத்துப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும், நடுவில் அவ்வளவு தூரம் விட்டு, போய்க்கொண்டே இருந்தார்கள்.